என்ன போகும்? சிறுவர் சாகசக் கதை எழுதத் தொடங்குகிறவர்களுக்கு

புதிதாக எழுதுகிறவர்கள் சிலர் தங்கள் சிறுவர் கதையைப் படித்துப் பார்க்கச் சொல்லி என்னிடம் தருவதுண்டு. பாதிக்கு மேல் ஒரே கதைதான். நாலு பிள்ளைகள் கோடை விடுமுறைக்குத் தாத்தா ஊருக்குப் போகிறார்கள். அங்கே ஒரு பாழடைந்த பங்களா, உள்ளே கடத்தல்காரர்கள். பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறார்கள். அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கட்டை அவிழ்த்துக்கொண்டு விடுகிறார்கள். இன்ஸ்பெக்டர் வந்து முதுகில் தட்டுகிறார், கலெக்டர் கையால் பரிசு. ஒருத்தர் மேலும் ஒரு கீறல் கிடையாது. தொடக்கத்தில் வீட்டில் என்னென்ன இருந்ததோ அதெல்லாம் கடைசியிலும் அப்படியே இருக்கிறது, கூடுதலாக ஒரு கேடயம்.

இதைப் படிக்கும் பிள்ளை ஏமாந்துபோகும். ஆபத்து வந்த மாதிரி வந்து, எதையும் எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டதே.

'சின்னப் பிள்ளைகளுக்குச் சாவு, கடன், துரோகம் எல்லாம் எதற்கு' என்று கேட்கிறவர்கள் நிறையப் பேர். நம் பாட்டிகள் அப்படிக் கேட்டதில்லை. பெற்ற ஏழு பிள்ளைகளையும் கிணற்றில் போட்டுத் தானும் குதித்த நல்லதங்காள் கதையை மடியில் படுத்துக் கேட்டவர்கள்தானே நாம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, பிணத்தைத் தோளில் சுமந்து போகும் விக்கிரமாதித்தனை மாதாமாதம் வீட்டுக்கு அனுப்பியது. ஓவியர் சங்கர் வரைந்த அந்தப் படம் இன்றும் எத்தனை பேர் கண்ணில் நிற்கிறது! பயத்தைத் தாங்கப் பிள்ளைகளுக்குத் தெரியும். எழுதுகிறவருக்கு அதை அளந்து ஊற்றத் தெரிய வேண்டும். அதற்கான வழியை, நான் தப்புத் தப்பாக எழுதிக் கற்ற வரிசையில் சொல்கிறேன்.

1. வயதை முடிவு செய்யுங்கள்

6 முதல் 8 வயது என்றால் ஆபத்து ஒரு ராத்திரிக்குள் முடிய வேண்டும், தொலைந்தது ஆடாகவோ பொம்மையாகவோ இருக்கலாம். 9 முதல் 12 என்றால் கதவைத் திறந்து விடலாம்: சாவு, கடன், நம்பியவர் ஏமாற்றுவது, தானே தப்பு செய்வது. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைகளுக்கு எழுதுவதைப் பற்றியது.

2. 'என்ன போகும்?' என்று எழுதி வையுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கேள்வி இருக்கட்டும். இவர்கள் தோற்றால் என்ன போகும்? 'உலகம் அழியும்' என்று பதில் எழுதாதீர்கள். பத்து வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் பாகம் வரும் என்று தெரியும், அது நம்பாது. அம்மாவின் தோடு போகும் என்றால் நம்பும்.

நான் எழுதிய ஒரு கதையையே எடுத்துக்கொள்வோம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டை ஒட்டி ஒரு மீனவர் தெரு. கனிக்கு 11 வயது, தம்பி சேதுவுக்கு 8. விடிகாலையில் சின்னத் தோணியில் வலை பார்க்கப் போன தாத்தா மதியம் ஆகியும் திரும்பவில்லை. பிள்ளைகள் அப்பாவின் படகை எடுத்துக்கொண்டு தேடப் போகிறார்கள். முதலில் இப்படி எழுதினேன்:

"கனி இன்ஜினை இயக்கினாள். படகு சீறிப் பாய்ந்தது. சேது பயத்தில் நடுங்கினான். 'பயப்படாதே, நான் இருக்கிறேன்!' என்று தைரியமாகச் சொன்னாள் கனி."

சீறியது, நடுங்கினான், தைரியமாக. மூன்று சொற்களும் சேர்ந்து கத்துகின்றன, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்று யோசித்த பிறகு எழுதியது இது:

"இன்ஜின் வந்து 4 மாதம் ஆகிறது. அது வந்த நாளிலிருந்து அம்மாவின் காதில் வேப்பங்குச்சிதான். அடகுச் சீட்டு மாரியம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா இல்லாதபோது கனி அதை எடுத்துப் படித்திருக்கிறாள். கயிற்றை இழுத்தாள். முதல் இழுப்பில் வரவில்லை. 'அப்பா கேட்டா என்ன சொல்றது?' என்றான் சேது. கனி பதில் சொல்லாமல் மறுபடி இழுத்தாள்."

இதில் பயம் என்ற சொல்லே கிடையாது. இனிமேல் இன்ஜின் ஒரு தடவை இருமினாலும் படிக்கிற பிள்ளைக்கு அம்மாவின் காது ஞாபகம் வரும். சாவு, கடன் போன்ற பெரிய விஷயங்களைக் கதைக்குள் கொண்டுவர எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான்: கையில் பிடிக்கிற ஒரு பொருளாக்கிவிடுவது. 'குடும்பம் கடனில் தத்தளித்தது' என்று எழுதினால் பிள்ளை அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். வேப்பங்குச்சியைத் தாண்டாது.

3. ஆபத்தை அந்த இடத்திலிருந்தே எடுங்கள்

அலையாத்திக் காடு என்றதும் முதலை விடத் தோன்றும். வேண்டாம். அங்கே ஏற்கெனவே இருப்பது போதும். காயலில் ஆழம் குறைவு, தண்ணீர் வற்றினால் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். அலையாத்தி மரத்தின் மூச்சு வேர்கள் பென்சிலை நட்டு வைத்தது போலச் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும், வெறுங்காலோடு ஓடினால் பாதம் கிழியும். கால்வாய்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். இந்த மூன்றையும் கதையின் முதல் பத்துப் பக்கத்துக்குள், பேச்சோடு பேச்சாக, தாத்தா வாயால் சொல்லி வைத்துவிட்டேன். ஆபத்து வரும்போது புதிதாக விளக்கிக்கொண்டிருக்கக் கூடாது.

பார்க்காத ஊரை எழுதக் கூடாதா என்று கேட்டால், எழுதலாம். வங்காள எழுத்தாளர் விபூதிபூஷண் பந்தோபாத்யாய் ஆப்பிரிக்காவில் காலே வைக்காமல், புத்தகங்களைப் படித்தே 'சாந்தேர் பஹார்' எழுதினார். 1937இல் வந்த அந்த நாவலை வங்காளப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள். அவர் அளவுக்குப் படிக்கத் தயார் என்றால் தாராளமாக எழுதுங்கள்.

4. பெரியவர்களை நியாயமாக அப்புறப்படுத்துங்கள்

பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்வரை சாகசம் கிடையாது. முன்பெல்லாம் இது சுலபம். இப்போது செல்போன் இருக்கிறது. 'பேட்டரி தீர்ந்துவிட்டது' என்று எழுதித் தப்பிப்பது சோம்பேறித்தனம், பிள்ளைகளும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

போன் வேலை செய்யட்டும். கனி அப்பாவை அழைக்கிறாள். அவர் கூலிக்கு விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கிறார், சிக்னல் இல்லை. அம்மா எடுக்கிறாள். மீன் சந்தையில் இருக்கிறாள். "நான் வர ரெண்டு மணி நேரம் ஆகும். வீட்டை விட்டு நகரக் கூடாது, சொல்லிட்டேன்." இரண்டு மணி நேரத்தில் தண்ணீர் வற்றிவிடும் என்று கனிக்குத் தெரியும். இப்போது போன் உதவி செய்யாமல் போனது மட்டுமில்லை, ஒரு தடையையும் போட்டுவிட்டது. அதை மீறித்தான் அவள் போக வேண்டும்.

5. முடிவைப் பிள்ளையே எடுக்கட்டும், அது பாதி தப்பாகவும் இருக்கட்டும்

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்போம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' எல்லோருக்கும் தெரிந்த பெயர். 1881இல் ஸ்காட்லாந்தில், வெளியே போக முடியாத மழைக்காலத்தில், மனைவியின் மகனான 13 வயதுப் பையனோடு உட்கார்ந்து ஒரு தீவின் வரைபடம் போட்டதில் தொடங்கியது. முதலில் ஒரு சிறுவர் பத்திரிகையில் தொடராக வந்து, 1883இல் புத்தகமானது. சாகசக் கதை எழுத நினைப்பவர்கள் அதைச் சுருக்கப் பதிப்பில் படிக்காமல் முழுசாக ஒரு முறை படித்துவிடுங்கள். நம்மில் பலருக்குத் தெரிந்தது சாறு எடுத்த சக்கைதான்.

அதில் ஜிம் ஹாக்கின்ஸ் என்ற சிறுவன் யாரிடமும் சொல்லாமல் பாதுகாப்பான இடத்தை விட்டு நழுவிப் போகிறான். அதனால்தான் கடற்கொள்ளையரிடமிருந்து கப்பலை மீட்கிறான். அதே காரணத்தால்தான் இஸ்ரேல் ஹேண்ட்ஸ் என்ற மாலுமியோடு தனியாக மாட்டிக்கொள்கிறான். பாய்மரத்தின் உச்சிக்கு ஏறுகிறான், கத்தி பறந்து வந்து அவன் தோளை மரத்தோடு சேர்த்துக் குத்துகிறது, அதிர்ச்சியில் அவன் கையிலிருந்த துப்பாக்கிகள் வெடிக்கின்றன. ஹேண்ட்ஸ் செத்து விழுகிறான். ஸ்டீவன்சன் அங்கே கைதட்டல் வைக்கவில்லை. கீழே தெளிந்த தண்ணீர், அடியில் சுத்தமான மணல், அதன் மேல் பிணம், மேலே மீன்கள் போய்வருகின்றன. ஜிம்முக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது.

இன்னும் முக்கியமானது பின்னால் வருகிறது. ஜிம் செய்ததை டாக்டர் பாராட்டுவதற்கு முன்னால் திட்டுகிறார்: கேப்டன் நன்றாக இருந்தபோது நீ போகத் துணியவில்லை, அவர் காயம்பட்டுப் படுத்த பிறகு நழுவினாய், இது கோழைத்தனம் என்கிறார். ஜிம் அழுதுவிடுகிறான். கதாநாயகனைப் பார்த்துக் கோழை என்று சொல்லும் துணிச்சல் எத்தனை சிறுவர் கதைகளில் இருக்கிறது?

கனியின் கதைக்கு வருகிறேன். தாத்தாவைக் கண்டுபிடித்தாயிற்று. கால் எலும்பு முறிந்து கிடக்கிறார். படகில் ஏற்றியாயிற்று. தண்ணீர் வற்றுகிறது, மூன்று பேர் பாரம், பின்பக்கம் இன்ஜின் கனம், படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. என் பழைய பிரதியில் இன்ஜின் ஒரு வேரில் மாட்டிக் கழன்று விழுந்தது. பாவம் கனி, விபத்து. படித்துப் பார்த்தால் சப்பென்று இருந்தது. திருத்திய பிரதியில் கனியே இரண்டு திருகையும் கழற்றி, சேதுவை ஒதுங்கச் சொல்லிவிட்டு, இன்ஜினைத் தள்ளிவிடுகிறாள். தள்ளுவதற்கு முன்னால் ஒரே ஒரு வரி: "உள்ளே எவ்வளவு பெட்ரோல் இருக்கும் என்று ஏனோ யோசித்தாள்." பெரிய முடிவு எடுக்கும்போது மனசு இப்படித்தான் எங்கேயோ போய் நிற்கும். அழுகையை எழுதுவதைவிட அது வேலை செய்தது.

6. கெட்டவரைப் பிள்ளைக்குப் பிடிக்க வேண்டும்

'புதையல் தீவு'வில் சமையல்காரனாக வரும் கடற்கொள்ளையன் லாங் ஜான் சில்வர், கப்பல் சமையலறையில் ஜிம்மைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறவன், அவனைச் சின்னப் பையன் என்று ஒதுக்காதவன். அதனால்தான் ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருந்து அவன் சதி பேசுவதைக் கேட்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. கறுப்புக் கண்ணாடியும் உருட்டு விழியுமாக ஒருவர் வந்தால் பயம் வராது, சிரிப்புத்தான் வரும்.

கனியின் கதையில் வட்டிக்குக் கொடுத்தவர் சேதுவுக்கு எப்போதும் கடலை மிட்டாய் வாங்கித் தருகிற மாமா. படகு கிளம்பும்போது கரையில் நிற்கிறார். சேதுவின் தலையைத் தடவிக்கொண்டே, "பார்த்துப் போங்க தங்கம். இன்ஜினுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்கப்பாதான் பாவம்" என்கிறார். அவ்வளவு போதும்.

7. சாவு வந்தால்

எல்லாக் கதையிலும் யாராவது சாக வேண்டும் என்பதில்லை. என் கதையில் தாத்தாவைச் சாகவிடலாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். விடவில்லை. இன்ஜின் போனது ஒரு இழப்பு. அதன் பிறகு தாத்தாவும் போனால் கனி செய்ததற்கே அர்த்தமில்லாமல் போய்விடும், முதல் இழப்பையும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். ஒரு சின்னக் கதைக்குப் பெரிய இழப்பு ஒன்று போதும்.

எழுதியே ஆக வேண்டும் என்றால், செத்துப்போனார் என்று எழுதுங்கள். 'தூங்கிவிட்டார்', 'சாமிகிட்ட போய்ட்டார்' என்று பூசி மெழுகினால் சில பிள்ளைகள் அன்று ராத்திரி தூங்கவே பயப்படும். கதையில் வரும் ஒரு பெரியவர் அப்படிப் பூசிச் சொல்லலாம், அதைக் கேட்கிற பிள்ளைக்கு உண்மை தெரிந்திருக்கட்டும்.

காயத்தை வர்ணிக்காதீர்கள். ரத்தம் எவ்வளவு வந்தது என்பதைவிட, செருப்பு ஒன்று கழன்று தனியாகக் கிடந்தது என்பது பிள்ளை மனதில் நிற்கும். நடப்பதைப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்திலிருந்து காட்டுங்கள். 'புதையல் தீவு'வில் சில்வர் ஒரு மாலுமியைக் கொல்வதை ஜிம் புதருக்குள் ஒளிந்து பார்க்கிறான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனுக்குத் தலை சுற்றி எல்லாம் மங்கிவிடுகிறது. நமக்கும் அவ்வளவுதான் தெரியும்.

அப்புறம், துக்கம் நேர் வழியில் வராது. அதே நாவலின் தொடக்கத்தில் ஜிம்மின் அப்பா இறக்கிறார். கொஞ்ச நாளில், அவர்கள் சத்திரத்தில் தங்கியிருந்த முரட்டுக் கிழவனும் செத்து விழுகிறான். ஜிம்முக்கு அவனைப் பிடித்ததே இல்லை. ஆனால் அவனுக்காகத்தான் பொத்துக்கொண்டு அழுகிறான். முதல் சாவின் துக்கம் இன்னும் ஆறவில்லை என்று மட்டும் சொல்கிறான். அப்பாவுக்கான அழுகை எங்கே வந்தது பாருங்கள்.

செத்த பிறகு கதைக்கு நேரம் கொடுங்கள். 'சாந்தேர் பஹார்' நாவலில் சங்கர் என்ற வங்காளி இளைஞனுக்கு ஆப்பிரிக்காவில் வழிகாட்டியாக இருக்கும் அல்வாரஸ் பாதி வழியில் கொல்லப்படுகிறார். கதையில் மிகக் கடினமான பகுதிகள், வழி தெரியாத குகையும் தண்ணீர் இல்லாத பாலைவனமும், அதற்குப் பிறகுதான் வருகின்றன. இதுவரை அவர் சொல்லிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு சங்கர் தனியாகச் சமாளிக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் ஒருவரைக் கொன்றுவிட்டு அடுத்த பக்கத்தில் முற்றும் போடுவது பிள்ளைக்குச் செய்யும் துரோகம்.

8. வீட்டுக்குள் இருக்கிற பெரிய விஷயங்கள்

குடிக்கிற அப்பா, சாதி, வேலை தேடிப் போய்த் திரும்பாத அண்ணன். இவை கதைக்குள் வரலாம், பிரசங்கமாக வேண்டாம். சாகசத்தின் நடுவில் பிள்ளைகள் ஒரு டீக்கடையில் தண்ணீர் கேட்கிறார்கள், ஒருவனுக்கு மட்டும் வேறு டம்ளரில் கொடுக்கிறார்கள் என்று காட்டினால் போதும். மற்றவன் தன் டம்ளரை என்ன செய்கிறான் என்பதில் கதை இருக்கிறது. அதை விளக்கிப் பேச ஒரு ஆசிரியரைக் கூட்டி வராதீர்கள்.

பிள்ளைகள் மேல் நடக்கும் பாலியல் கொடுமை மாதிரியான விஷயங்களைச் சாகசக் கதையில் ஒரு திருப்பத்துக்காக நுழைக்கக் கூடாது என்பது என் கட்சி. ஓட்டமும் துரத்தலுமாக இருக்கும் கதையில் அதற்கு உரிய இடத்தைக் கொடுக்க முடியாது. எழுத வேண்டும் என்றால் அதற்கென்றே தனியாக, நிதானமாக எழுத வேண்டும்.

9. திரும்பி வந்த பிறகு

புதையல் கிடைத்தாலும் கணக்குப் பாருங்கள். ஸ்டீவன்சன் பார்த்தார். கப்பலில் போனவர்கள் 26 பேர், அதில் அந்தக் கப்பலிலேயே ஊர் திரும்பியது ஐந்தே பேர். சில்வர் ஒரு மூட்டைக் காசோடு தப்பிவிடுகிறான், தண்டனையே கிடையாது. பணக்காரனாகத் திரும்பிய ஜிம், எருது பூட்டி இழுத்தாலும் அந்தத் தீவுக்கு மறுபடி போக மாட்டேன் என்கிறான். சில்வர் வளர்த்த கிளியின் குரல் காதில் கேட்டு ராத்திரியில் திடுக்கிட்டு எழுகிறான். சிறுவர் கதை இப்படி முடியலாம் என்று 1883லேயே ஒருவர் காட்டிவிட்டார்.

கடைசிப் பக்கத்தில் அதிர்ஷ்டக் காசு, பணக்கார மாமா, அரசாங்க நிவாரணம் எதையும் இறக்கிப் போன இன்ஜினைத் திரும்பக் கொடுக்காதீர்கள். அதே நேரம் வெறுங்கையோடும் அனுப்பாதீர்கள். என் கதையில் தாத்தா காலில் மாவுக்கட்டோடு திண்ணையில் உட்கார்ந்து வலை பொத்துகிறார். கனியை அம்மா இரண்டு நாள் திட்டுகிறாள். மூன்றாம் நாள் காலையில் தலை வாரிவிடும்போது ஒன்றும் பேசாமல் கொஞ்சம் கூடுதல் நேரம் வாருகிறாள். அம்மாவின் காதில் வேப்பங்குச்சி அப்படியே இருக்கிறது.

10. பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டுங்கள்

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு மூன்று பிள்ளைகளை உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். 'பயமா இருந்துச்சா?' என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். 'அடுத்து என்ன ஆகும்?' என்று கேளுங்கள். எங்கே தண்ணீர் குடிக்க எழுந்தார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கத்தை வெட்ட வேண்டியிருக்கும்.

கனியின் கதையை என் அக்கா பிள்ளைகளுக்குப் படித்தேன். இன்ஜினைத் தள்ளும் இடத்தில் இருவரும் கப்சிப். எனக்கு ஒரே பெருமை. படித்து முடித்ததும் சின்னவன் கேட்டான்: "மாமா, அது சேத்துலதானே விழுந்துச்சு? மறுநாள் தண்ணி வத்தறப்போ போய் எடுத்துக்கலாம்ல?"

என்னிடம் பதில் இல்லை. கதையின் மொத்தக் கனமும் ஒரு எட்டு வயதுப் பையனின் கேள்வியில் காணாமல் போனது. படகு இன்ஜின் பழுது பார்க்கிற ஒருவரைத் தேடிப் போய்க் கேட்டேன். உப்புத் தண்ணீரும் சேறும் உள்ளே போய் இரண்டு மூன்று நாள் கிடந்தால் பெரும்பாலும் தேறாது, தேற்றினாலும் செலவு தாங்காது என்றார். அதற்கப்புறம் அரைப் பக்கம் சேர்த்தேன். மூன்றாம் நாள் அப்பா ஆட்களோடு போய் இன்ஜினைத் தூக்கி வருகிறார். கனிக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. மெக்கானிக் மூடியைக் கழற்றிச் சாய்க்கிறார், கறுப்புத் தண்ணீரோடு ஒரு சின்ன நண்டு விழுந்து தரையில் ஓடுகிறது. சேது மட்டும் சிரிக்கிறான். மெக்கானிக் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, பழைய இரும்புக்கு என்ன விலை போகும் என்று சொல்கிறார்.